தீவகத்து வீட்டை விற்கப் போகிறீர்களா? வெள்ளையடிக்க முன் கவனிக்க வேண்டியவை

தீவகத்தில் வீடு வளவு விற்க நினைப்பவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அங்கே விற்க விரும்புவோர் அதிகம், வாங்க வருவோர் குறைவு. பண்ணைப் பாலத்தால் தரைவழியே போகக்கூடிய மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கங்களிலேயே ஒரு காணி கைமாற ஆண்டுகள் ஆகலாம். குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டிய நயினாதீவு, நெடுந்தீவு என்றால் இன்னும் கடினம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. போர்க்கால இடப்பெயர்வு, 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம், அதன்பின் வெளிநாட்டுப் பயணம் என்று தீவகம் ஆட்களை இழந்துகொண்டே வந்தது. புத்தளத்திலும் கொழும்பிலும் ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, அங்கேயே வேரூன்றிவிட்டது. ஊரில் எஞ்சியிருப்பது ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு, சில பனைகள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பழைய வீட்டைத் திருத்துவதற்கான செலவும் கையை மீறிப் போனது. "விற்றுவிட்டால் என்ன?" என்ற பேச்சு பல குடும்பங்களில் எழுவது இயல்பே.

விற்பதா, வைத்திருப்பதா என்பது அவரவர் முடிவு. ஆனால் விற்பதென்று முடிவெடுத்தவர்கள் இரண்டு பக்கமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் முதலில் வந்தவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் வெடிப்பைப் பூசி, ஈரத்தின் மேல் பெயின்ற் அடித்து, வீட்டைப் புதுமாப்பிள்ளையாக நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அது மார்க்கத்துக்கும் பொருந்தும், சந்தைக்கும் பொருந்தும்.

அலங்கரிப்பதும் மறைப்பதும்

மேலை நாடுகளில் விற்பனைக்கு முன் வீட்டை அலங்கரிப்பதே ஒரு தொழில். வாடகைக்குத் தளபாடம் கொண்டுவந்து போடுவார்கள், பூச்சாடி வைப்பார்கள், பார்க்க வருபவர் அது தன் வீடு என்று கற்பனை செய்யும்படி விளக்குகளைக்கூட ஒழுங்கு செய்வார்கள். இதில் எது கூடும், எது கூடாது?

விடை நமது ஹதீஸ்களில் இருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோக முன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டு, ஆட்டின் அல்லது ஒட்டகத்தின் மடியைப் பெருக்கிக் காட்டும் வழக்கம் அன்றைய அரபுகளிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு அந்தப் பிராணியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியை அவர்கள் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆட்டைக் குளிப்பாட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவதை யாரும் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டது, இல்லாத பாலை இருப்பதாகக் காட்டுவதே. வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். பற்றையை வெட்டி முற்றத்தைக் கூட்டுவது குளிப்பாட்டுவது போன்றது. கறையான் தின்ற வளையின் மேல் புதுப் பலகை அடித்து மூடுவது மடியைப் பெருக்கிக் காட்டுவது போன்றது.

முதல் வேலை கடதாசி வேலை

தீவக வீடுகள் விலைபோகாமல் கிடப்பதற்குப் பழைய சுவர் மட்டும் காரணமல்ல. பல இடங்களில் பெரிய தடை உறுதியில் இருக்கிறது. வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வெளியேறும்போது பலர் உறுதிகளைக் கைவிட்டே வந்தார்கள். அதனால் காணி கைவிட்டுப் போனதாக ஆகாது. இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. எழுதப்பட்ட உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் தேடல் இலகுவாகும். உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, அந்தக் காணியின் பதிவுகளையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஈடோ வேறு கைமாற்றமோ பதிவாகியிருந்தால் அங்கேதான் தெரியவரும்.

அடுத்தது நில அளவையாளர். முப்பது ஆண்டுகளில் வேலி நகர்ந்திருக்கும், கதியால் மரமாகியிருக்கும். உறுதியில் 8 பரப்பு என்றிருக்கும். நிலத்தில் ஏழேகால் பரப்புத்தான் இருக்கும். இதை வாங்குபவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே அளந்து வரைபடம் எடுங்கள்.

வளவில் வேறு யாராவது குடியிருந்தால் விடயம் பாரதூரமானது. பத்து ஆண்டுகள் தடையின்றி எதிருரிமையாக ஆண்டவர் உரிமை கோரும் வழி 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் உண்டு. போரால் வழக்கிட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால் அதன் கீழ் வழக்கிடுவதற்கான அவகாசம் குறுகியதாகவே இருந்தது. ஆகவே "சும்மா கிடக்கும் காணி" என்று வாங்குபவரிடம் சொல்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். இத்தனை ஆண்டும் வளவைக் காத்த அயலவர் ஒருவர் அங்கே இருந்தால், அவரோடு முகம் கொடுத்துப் பேசி, எழுத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வருவதே நல்லது.

அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி என்றால் உறுதிக்காணி போல நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே விளம்பரம் செய்யுங்கள்.

பங்கு பிரிக்காமல் விலை பேசாதீர்கள்

வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் காணி அவர் பெயரிலேயே இருப்பது நம்மிடையே சர்வ சாதாரணம். மூத்த மகன் விலை பேசுகிறார், முற்பணம் வாங்குகிறார், அதன் பிறகே சகோதரிகளிடம் கையெழுத்துக் கேட்கிறார். பல பேரங்கள் முறிவது இந்த இடத்தில்தான். முறியாவிட்டாலும், பெண்பிள்ளைகளின் பங்கு சில குடும்பங்களில் ஒரு "அன்பளிப்பாக"ச் சுருங்கிப் போகிறது. அது அன்பளிப்பல்ல. ஸூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் விதித்த உரிமை. மரணசாதனம் எழுதாமல் மரணித்த முஸ்லிமின் சொத்துக்கு அவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே செல்லும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது.

கணக்கு கடினமானதல்ல. மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்களை விட்டு ஒருவர் மரணித்தார். அவருடைய பெற்றோர் முன்பே மரணித்துவிட்டனர். காணி 8 பரப்பு என்று வைப்போம். கடனும் வஸிய்யத்தும் கொடுபடாத மஹரும் தீர்ந்த பிறகு, மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1 பரப்பு. மீதி 7 பரப்பு ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். ஆண்மக்களுக்கு 2 பரப்பு வீதம் 4. பெண்மக்களுக்கு 1 பரப்பு வீதம் 3. மொத்தம் 8. விற்ற பணமும் இதே விகிதத்தில்தான் பிரிய வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்ட பின் விலை பேசினால், குடும்பமும் தப்பும் பேரமும் தப்பும். சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கும் தேவைப்படலாம். வெளிநாட்டில் உள்ளவர் அற்றோணித் தத்துவம் அனுப்ப நாள் எடுக்கும். வாங்குபவர் வரும்வரை காத்திருக்காமல் இவற்றை முன்கூட்டியே தொடங்குங்கள்.

பிரிக்காத பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேசவழமையில் முற்கொள்வனவு உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின்படி கூட்டு உரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் முதல் வாய்ப்பு. உங்கள் காணிக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை நொத்தாரிசிடம் கேளுங்கள். ஷரீஆவிலும் இதே கருத்து "ஷுஃப்ஆ" என்ற பெயரில் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் இது பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு உரியது. ஹனபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. ஆகவே தரகரிடம் போக முன் தம்பியிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை மட்டுமல்ல. மந்தமான சந்தையில் உண்மையான தேவையோடு வாங்கக்கூடியவர்களும் பெரும்பாலும் அவர்களே.

வீட்டில் எங்கே செலவழிப்பது?

கையில் சிறு தொகைதான் இருக்கிறது என்றால் இந்த ஒழுங்கில் செலவழிக்கலாம்.

1. பற்றை வெட்டி, படலையிலிருந்து வாசல் வரை நடக்கப் பாதை எடுங்கள். சுவரில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை வேரோடு அகற்றுங்கள்.

2. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கூரை ஒழுகினால் வீட்டின் மற்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கெடும். கறையான் அரித்த மரம் இருந்தால் மாற்றுங்கள். மாற்ற வசதியில்லையென்றால் காட்டிச் சொல்லுங்கள்.

3. கதவு, யன்னல், பூட்டு, கிணற்றுக் கட்டு, மலசலகூடம் ஆகியவற்றைப் பாவிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

4. கடைசியாகச் சுவர். தீவகத்துப் பழைய வீடுகள் பல சுண்ணாம்பால் கட்டப்பட்டவை. கடற்காற்றின் உப்பு சுவரில் ஊறியிருக்கும். அதன் மேல் சீமெந்து பூசினாலும் பெயின்ற் அடித்தாலும் ஈரம் உள்ளே அடைபட்டு, சில மாதங்களில் பொருக்கு வெடித்து உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே பொருத்தம், செலவும் குறைவு.

புது மாபிள், அலங்காரக் கேற், வாடகைத் தளபாடம் எதுவும் வேண்டாம். போட்ட காசு விலையில் திரும்பி வராது. பழைய சாமான்களை அகற்றி அறைகளை வெறுமையாக விட்டாலே வீடு பெரிதாகத் தெரியும்.

வெளிநாட்டிலோ கொழும்பிலோ உள்ளவர் முதலில் வாட்ஸ்அப்பில்தான் பார்ப்பார். பகல் வெளிச்சத்தில், வீதியிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே காணொளியாக எடுங்கள். வெடிப்புள்ள சுவரும் அதில் வரட்டும். அவ்வளவு தூரம் படகேறி வந்து ஏமாந்து திரும்புபவர் இன்னும் பத்துப் பேரிடம் சொல்வார்.

கிணற்றைப் பற்றி உண்மை பேசுங்கள்

தீவகத்தில் ஒரு வளவின் விலையில் பெரும்பகுதி கிணற்றில் இருக்கிறது. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மாரி முடிந்த தை, மாசியில் இனிக்கும் கிணறு, சோழகம் வீசும் ஆடி, ஆவணியில் உவர்க்கலாம். வீடு காட்டுவதற்கு மாரி முடிந்த காலம் நல்லது. வளவு பச்சையாக இருக்கும், கடலும் அமைதி. ஆனால் தை மாதத்தில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு ஆவணிக் கதையைச் சொல்லாமல் விட்டால், அது பால் கறக்காமல் விட்ட ஆடுதான்.

கிணற்றைத் துப்பரவு செய்யும்போது பெரிய மோட்டர் பூட்டி அடிமட்டம் வரை இறைக்காதீர்கள். மேலுள்ள நன்னீர் போய், கீழிருந்து உவர் ஏறிவிடும். கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை நீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்திருந்தால், அதைவிடப் பலமான விளம்பரம் தீவகத்தில் இல்லை.

விலையும் வாங்குபவரும்

விலையை ஆசையால் வைக்காதீர்கள். அண்மையில் அந்த வட்டாரத்தில் உண்மையாகக் கைமாறிய காணிகளின் விலையை விசாரியுங்கள். மிதமிஞ்சிய விலை வைத்து ஆண்டுதோறும் இறக்கிக்கொண்டு போனால், "அந்தக் காணியில் ஏதோ பிழை இருக்கிறது" என்ற பெயர் வந்துவிடும். இன்னொருவர் கூடக் கேட்கிறார் என்று பொய் சொல்வதும், அதற்கு ஆள் வைப்பதும் ஹதீஸில் தடுக்கப்பட்ட "நஜ்ஷ்".

வராததை வந்ததாகவும் சொல்லாதீர்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தமானது உண்மை. அதை வைத்து "நாளை இங்கே ஹோட்டல்" என்று விலையேற்றுவது வேறு கதை. கரையோர வலயத்தில் கட்டடம் கட்ட அனுமதி வேண்டும் என்பதையும் வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குபவர் வெளிநாட்டுப் பிரசை என்றால் முதல் பேச்சிலேயே இரட்டைப் பிரசாவுரிமை உண்டா என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரசைகளுக்கு விலக்கு உண்டு. கனடாவிலும் பிரான்ஸிலும் உள்ள தீவகத்தார் பலர் இதை அறியாமல் விலை பேசுகிறார்கள்.

விற்ற பிறகு

வீட்டை விற்றவர் அந்தப் பணத்தை அதுபோன்ற இன்னொரு சொத்தில் போடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறது. நமது சமூகத்துக்கு இது பெரிய பாடம். ஊரில் இருந்த ஒரே நிலத்தை விற்று, கலியாணச் சாப்பாட்டிலும் வாகனத்திலும் கரைத்துவிட்டால், பிள்ளைகளுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. முழு வளவையும் விற்கத் தேவையில்லையென்றால் ஒன்றிரண்டு பரப்பையாவது வைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவிலும் மண்கும்பானிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஸஃப்பில் நிற்க ஆட்கள் வேண்டும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளை வெளிப்படுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. மந்தமான சந்தையில் நாம் எதிர்பார்ப்பதும் அந்தப் பரக்கத்தைத்தான். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களைச் சீராக்கி வைப்பானாக.