கென் ராக்சனின் இடக்கை

விளையாட்டரங்கினுள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமுமாக அமைத்து, அதன்மேல் நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயம் சூப்பர்கிராஸ். இதையே திறந்தவெளி நிலத்தில் நடத்தினால் அது மோட்டோகிராஸ். சூப்பர்கிராஸின் முதன்மைப் பிரிவு இறுதிப் போட்டியில் 22 வீரர்கள் 20 நிமிடங்களும் அதற்குமேல் ஒரு சுற்றும் ஓட்டுகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி பலமுறை தரையை விட்டு எழுந்து இறங்கும். அந்த அதிர்ச்சியைத் தாங்குவதில் முன்கைக்குப் பெரும் பங்கு உண்டு. கிளட்சை இயக்குவது இடக்கை.

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் மாட்ஷ்டெட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கென் ராக்சன் 1994-இல் பிறந்தவர். 2011-இல், 17 வயதில், எம்எக்ஸ்2 பிரிவில் உலக வாகையர் ஆனார். பின்னர் அமெரிக்கா சென்று, 2014-இலும் 2016-இலும் அந்நாட்டின் 450 பிரிவு மோட்டோகிராஸ் பட்டங்களை வென்றார். 2017 சூப்பர்கிராஸ் பருவத்தில் ஹோண்டா அணிக்காக முதல் இரு சுற்றுகளையும் வென்றிருந்தார். மூன்றாவது சுற்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், ஜனவரி 21 அன்று நடைபெற்றது. ஒரு தாவலில் வண்டி நிலைதவற, அவர் காற்றில் தூக்கி வீசப்பட்டார். இடது முன்கையின் ஆர எலும்பு முறிந்து தோலைக் கிழித்தது. முழங்கையும் மணிக்கட்டும் மூட்டு விலகின.

எலும்பு முறிவை மட்டும் கருதினால் இது கடுமையான காயமே தவிர, அரிய காயம் அன்று. கையையே இழக்க நேரிடலாம் என்ற நிலையை உண்டாக்கியது அதைத் தொடர்ந்து வந்த கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். இக்கட்டுரையின் நோக்கமும் அதை விளக்குவதே. ஏனெனில் பந்தய வீரருக்கு மட்டுமன்றி, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவருக்கும், மரத்திலிருந்து விழுந்த சிறுவனுக்கும் இது வரக்கூடும்.

நம் கை கால்களின் தசைகள் தனித்தனி அறைகளாக, தசையுறை எனப்படும் உறுதியான சவ்வினால் சுற்றப்பட்டுள்ளன. இச்சவ்வு எளிதில் விரிவதில்லை. உள்ளே குருதிக் கசிவோ வீக்கமோ உண்டானால், இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் நுண்குழல்கள் நசுங்கி, தசைக்கும் நரம்புக்கும் குருதி கிடைக்காமல் போகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குமேல் இந்நிலை நீடித்தால் தசை மீளாத வகையில் அழியத் தொடங்கும். இறுக்கமான கட்டினால் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் மடங்கியே நின்றுவிடுவதை 1881-இல் விவரித்தவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான். ராக்சனின் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹாலே நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர். (குழந்தைகளுக்கான கற்பனைக் கதைகளையும் புனைபெயரில் எழுதியவர் அவர்.)

மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைக் கவனிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். முறிந்த எலும்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவ்வலி மருந்துக்குக் கட்டுப்பட்டு நாளுக்கு நாள் குறைய வேண்டும். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்களை மெதுவாக நீட்டிவிட்டாலே நோயாளி துடித்தால், விரல்கள் மரத்துப்போனால், காலை வரை காத்திருத்தல் கூடாது. "நாடி துடிக்கிறது, விரல் சூடாக இருக்கிறது" என்பது ஆறுதலுக்குரிய சான்றன்று. நாடி கடைசி வரை துடிக்கலாம். நீவிவிடுதல், ஒத்தடம் ஆகியவை தீங்கு விளைவிக்கும். வீக்கம் வடியக் கையை உயர்த்தி வைக்கச் சொல்வது வழக்கம் என்றாலும், இந்த ஐயம் எழுந்தபின் இதய மட்டத்துக்குமேல் உயர்த்தாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வரும் வழியில் உணவு தர வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் நாட்டுக் கட்டுக்கும் இவையெல்லாம் பொருந்தும்.

மருத்துவமனையில் முதலில் கட்டை முழுமையாகப் பிரிப்போம். அழுத்தம் குறையாவிடில் தோலையும் தசையுறையையும் நீளவாக்கில் கீறித் திறப்போம். அக்காயத்தை உடனே தைக்காமல் சில நாள் திறந்தே வைத்திருப்போம். உறவினர்கள் அதைக் கண்டு அஞ்சுவது இயல்பு. வீக்கம் வடிந்தபின் தைத்தோ, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியோ மூடுவோம்.

மோட்டோகிராஸ் வீரர்கள் இந்நோயின் மெல்லிய வடிவத்தை நன்கறிவர். கைப்பிடியை இறுகப் பற்றி ஓட்டும்போது முன்கை கல்லாக இறுகி, விரல்கள் பிடியை இழக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். அவர்கள் அதனை 'ஆர்ம் பம்ப்' என்பர். விபத்துக்குப்பின் வருவதோ ஓய்வினால் சரியாவதில்லை.

ராக்சனுக்கு மொத்தம் 11 அறுவை சிகிச்சைகள் நடந்தன. 2018 ஜனவரியில், ஓராண்டு நிறைவதற்குள், அதே அனஹைமில் பந்தயத்துக்குத் திரும்பினார். அடுத்த மாதமே சான் டியேகோவில் வலக்கை மற்றொரு வீரரின் பின்சக்கரத்தில் சிக்க, அக்கையிலும் எலும்பு முறிந்தது. பருவம் அத்துடன் முடிந்தது. 2019 சூப்பர்கிராஸ் பருவம் முழுவதும் ஓட்டியும் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. 2020 ஜனவரி 11 அன்று செயின்ட் லூயிஸில்தான் மீண்டும் சூப்பர்கிராஸ் வெற்றி வந்தது.

ஓராண்டுக்குள் திரும்பிய வேகத்தையே பலர் வியக்கின்றனர். எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுவது வெற்றியில்லாத 2019. "கை பழையபடி ஆகுமா?" என்பதே வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. இத்தகைய காயத்துக்குப்பின் மணிக்கட்டைத் திருப்பும் அளவு பெரும்பாலும் ஓரளவு குறைந்தே நிற்கும். எங்கு நிற்கும் என்பதை முதல் மாதத்தில் எவராலும் கூற இயலாது. ஆதலால் இயன்முறை சிகிச்சையில் முதலில் கேட்பது சிறியவற்றையே: கட்டை விரல் சிறுவிரலைத் தொடுகிறதா, தம்ளரைப் பிடிக்க முடிகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா. மூன்றாம் வாரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்று பயிற்சியை நிறுத்திவிடுவோர் பலர். அவ்வாறு நிறுத்த எண்ணினால், நிறுத்துமுன் எங்களிடம் ஒருமுறை வாருங்கள். பயிற்சியை மாற்றித் தர முடியும்.

ராக்சன் 2021-இல் சூப்பர்கிராஸ் வாகையர் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றார். 2023 மார்ச்சில் இண்டியானாபோலிஸில், இம்முறை சுசூக்கி வண்டியில், மீண்டும் வென்றார்.