டிராக்பாலும் பக்கம் நகர்த்தும் வகைகளும்

எழுதுகோல் வாங்கப் புகுவோர் அதனைக் கையிற் பிடித்து இரண்டொரு வரி எழுதிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். நாடோறும் பல மணி நேரம் கணினியின்முன் அமர்ந்து கற்கும் நாமோ, அதனை இயக்கும் கருவி கைக்கு இசையுமாவென்று ஆராய்வதில்லை. மணிக்கட்டிலும் பெருவிரலடியிலும் நோவு தோன்றிய பின்னரே அதனை எண்ணுவார் பலர். மௌஸை விடுத்து டிராக்பாலைக் கொள்ளக் கருதுவார்க்குப் பயன்படுமாறு சில கூறுவாம்.

மௌஸ் மேசைமேல் இழுத்துச் செல்லப்படுவது. டிராக்பாலோ வைத்த இடத்திலேயே நிற்பது; அதிற் பதித்த பந்தை விரலால் உருட்டத் திரையிலுள்ள சுட்டுமுள் அசையும். ஆதலின் தோளுக்கும் முன்கைக்கும் அலைச்சல் குறைகின்றது. 1946-ஆம் ஆண்டில் ரால்ப் பெஞ்சமின் என்பார் பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் அமைப்பிற்கென இத்தகைய கருவியை ஆக்கினர். 1950-களின் தொடக்கத்திற் கனடாக் கடற்படைக்கென அமைந்த டேட்டார் என்னும் அமைப்பிற் பௌலிங் விளையாட்டுப் பந்தே இதற்கு உதவிற்று. திரையில் ஒரு புள்ளியைச் சுட்டுதலே அன்று வேண்டப்பட்டது. நீண்ட பக்கத்தை மேலுங்கீழும் நகர்த்தும் வேலை, அஃதாவது ஸ்க்ரோல் செய்தல், பின்னர் வந்து சேர்ந்தது. அதற்குக் கருவி செய்வோர் பற்பல வழி வகுத்தனர். படிப்பார்க்குச் சுட்டுதலினும் நகர்த்துதலே மிகுதியாதலின், முதற்கண் நோக்கத்தக்கது இதுவேயாம். அவ்வழிகளுள் தலையாயவை நான்கு.

முதலாவது, சக்கரம். லாஜிடெக் எர்கோ எம்575 என்பதிற் பந்து பெருவிரலின்கீழும், சக்கரம் சுட்டுவிரலின்கீழும் உள்ளன. மௌஸிற் பழகியவர்க்கு இஃது எளிது. ஆயினும் பந்தின் வேலை முழுதும் பெருவிரலையே சாரும். அவ்விரலில் நோவுடையார் இதனை விலக்குக. எலெகாம் ஹியூஜ் என்பதில் இம்முறை மாறி, பந்து ஏனை விரல்களுக்கும் சக்கரம் பெருவிரலுக்கும் உரியவாயின. இவ்விரண்டும் வலக்கைக்கே அமைந்தவை.

இரண்டாவது, வளையம். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மௌஸ் என்பதில் 55 மில்லிமீட்டர்ப் பந்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதனை எவ்விரலாலும் சுழற்றலாம். ஒரு விரல் அயர்ந்தால் மற்றொன்று உதவும். இரு கைக்கும் ஒப்ப அமைந்தமையின் இடக்கையர்க்கும் ஏற்றது. உயரம் சிறிது மிகுதியாதலின் மணிக்கட்டிற்குத் தாங்கணை வேண்டும்.

மூன்றாவது, பந்தையே திருகுதல். கென்சிங்டன் ஸ்லிம்பிளேடு என்பதில், புட்டியின் மூடியைத் திருகுமாறு பந்தைத் திருகப் பக்கம் நகரும். வேறு உறுப்பைத் தேடவேண்டுவதில்லை. ஆயினும் இரண்டு மூன்று விரல்கள் கூடிப் பந்தைப் பற்றவேண்டும்.

நான்காவது, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பந்தை உருட்டுதல். அப்பொழுது சுட்டுமுள் நிற்கப் பக்கம் நகரும். சக்கரமில்லாத கருவிக்கும் மென்பொருளால் இதனை அமைத்துக்கொள்ளலாம். நீண்ட பக்கங்களை விரைந்து கடத்தற்கு இதனினும் இனிய வழி அரிது. பொத்தானை இடைவிடாது அழுத்துதல் வருத்துமாயின், ஒருமுறை அழுத்தத் தொடங்கி மறுமுறை அழுத்த நிற்குமாறு அமைத்தல் நன்று.

இவற்றுள் எது சிறந்தது எனின், எல்லார்க்கும் சிறந்தது ஒன்றில்லை. நோவுள்ள விரலுக்கு வேலை தாராதது எதுவோ அதுவே அவரவர்க்குச் சிறந்தது. வாங்குமுன் கூடுமாயின் நண்பரிடம் உள்ளதைப் பெற்று, நீண்ட கட்டுரையொன்றைக் கால்மணி நேரம் படித்துப் பார்க்க. எவ்விரல் அயர்கின்றது, மணிக்கட்டு மேல்நோக்கி வளைகின்றதா, வரி தவறிப் பக்கம் தாவுகின்றதா என நோக்குக. முதற் சில நாட்கள் கை தடுமாறுதல் இயல்பு. அதனால் வெறுத்து ஒதுக்கற்க. பந்தைத் தாங்கும் சிறு முனைகளிற் புழுதி படியின் ஓட்டம் தடைப்படுமாதலின், அவ்வப்போது பந்தை எடுத்துத் துடைக்க.

நோவு நீடிப்பின் மருத்துவரை நாடுக, கருவி மருந்தாகாது. இடையிடையே கையை எடுத்து இளைப்பாறுதலும் வேண்டும். கண்ணைப் பேணிப் படிக்கும் நாம் கையையும் பேணிப் படிப்போமாக.