எரிகாயமுற்றோரும் தாதியர் பணியும்

கொடிய எரிகாயங்களோடு ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போது, காண்போர் கண்கள் முதலிற் செல்வது வெந்த தோலின்மீதே. பயிற்சி பெற்ற தாதியின் கவனமோ வேறிடத்துச் செல்லும். முதல் நாளில் உயிருக்கு இறுதி விளைப்பவை பெரும்பாலும் மூச்சுத் தடையும் நீரிழப்புமே.

1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் தேதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 'கோக்கனற் குரோவ்' என்னும் இரவு விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அவர்களுட் பலரைக் கொன்றது புகையே. ஆதலின், தாதி முதலில் நோக்கவேண்டியது சுவாசத்தை. குரல் கம்முதல், மூக்கினுட் கரி படிந்திருத்தல், மூக்கு மயிர் கருகியிருத்தல் என்பன எச்சரிக்கைக் குறிகள். இவற்றைக் கண்டவுடன் பிராணவாயு கொடுத்து, தொண்டை வீங்கி அடைபடுமுன் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

அடுத்தது நீர். வெப்பத்தாற் பழுதுற்ற நுண்குழாய்களினூடாகக் குருதியின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுகின்றது. 50 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் உடற்பரப்பில் நூற்றுக்கு 30 பங்கு ஆழமாக வெந்திருப்பின், முதல் 24 மணித்தியாலத்துள் ஏறக்குறைய 3 முதல் 6 லீற்றர் வரை திரவம் நாளத்தினூடாகச் செலுத்தவேண்டியிருக்கும். அதிற் பாதி முதல் 8 மணித்தியாலத்துக்குரியது. அந்நேரம் தீப்பட்ட வேளையிலிருந்தே கணிக்கப்படும். செலுத்தும் அளவு போதுமா என்பதை உணர்த்துவது சிறுநீர். இந்நோயாளிக்கு மணித்தியாலத்துக்கு 25 மில்லிலீற்றராவது வெளியேறுதல் வேண்டும். ஆகவே தாதி அதனை மணிக்கு மணி அளந்து குறித்து வைப்பார். திரவம் மிகுந்தாலும் வீக்கம் பெருகித் தீங்கு நேரும்.

நோவு தணிக்கும் மருந்து, வைத்தியர் பணித்தவாறு, நாளத்தினூடாகச் சிறுகச் சிறுகக் கொடுக்கப்படும். தசையில் ஏற்றினால் அது செவ்வனே உறிஞ்சப்படுவதில்லை. தோலிழந்த உடல் விரைவிற் குளிருமாதலால், அறையும் போர்வையும் வெதுவெதுப்பாக இருத்தல் நன்று.

இவற்றின் பின்னரே புண்ணின் முறை. கிருமி தொற்றாது காப்பதில் முதலிடம் பெறுவது, ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுதலே. புண் ஆறுவதற்கு முட்டை, மீன், பால் போன்ற புரத உணவு மிகுதியாக வேண்டும்.

மூட்டுக்களையும் முதல் நாள் தொட்டே பேணுதல் அவசியம். நோவுக்கு அஞ்சி மடக்கிய விரல் மடங்கியவாறே இறுகிவிடும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால் நாடி மார்போடு ஒட்டிக்கொள்ளவுங் கூடும். பிழைத்தெழுந்தவர் தம் கையாற் சோறெடுத்து உண்பாரா என்பது, பல வேளைகளில், இச்சிறு கவனத்தையே பொறுத்துள்ளது.