வீட்டுக்கு வந்ததும் வரும் தூக்கம்

"புது இடம், அதான் தூக்கம் வரல" என்று விருந்தாளி காலையில் கண் சிவந்து சொன்னால் யாரும் மேற்கொண்டு காரணம் கேட்பதில்லை. மெத்தை நம் வீட்டு மெத்தையைவிட மெத்தென்று இருந்திருக்கலாம், அறையில் ஏசி ஓடியிருக்கலாம். அப்படியும் ஊர் மாறிப் படுத்தால் முதல் ராத்திரி அரைத்தூக்கம்தான். வேலைக்காக வாரம் ஓர் ஊர் என்று அலைகிறவர்களுக்கு இந்த அவதி நன்றாகத் தெரியும்.

தூக்கத்தை ஆராய்கிற ஆய்வுக்கூடங்களுக்கும் இது பழைய தொல்லை. ஆளைப் படுக்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டிப் பதிவெடுத்தால் முதல் நாள் பதிவு மட்டும் சரியாக வராது. 1966-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். அதனால் முதல் இரவின் பதிவை ஒதுக்கிவிட்டு, மறுநாள் பதிவிலிருந்து கணக்கெடுப்பது பல ஆய்வாளர்களின் வழக்கமாயிற்று. ஒதுக்கிய அந்த இரவையே ஆராய்ந்தார்கள், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர்.

2016-இல் வெளியான அவர்கள் முடிவு என்னை அசரவைத்தது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் மெதுவான பெரிய அலைகள் எழும். முதல் நாள் இரவில் அந்த அலைகள் இரண்டு பாதியிலும் ஒரே அளவில் எழவில்லை. இடப்பாதியின் ஒரு பகுதியில் அவை வலுக்குறைந்திருந்தன. அதாவது, வலப்பக்கம் ஆழ்ந்து தூங்கும்போது இடப்பக்கம் அவ்வளவு ஆழமாகத் தூங்கவில்லை.

சரி, ஆழமாகத் தூங்காத பக்கம் என்னதான் செய்கிறது? தூங்குகிறவர்களின் காதில் மெல்லிய ஒலிகளைப் போட்டுப் பார்த்தார்கள். வலது காதில் விழும் ஒலி பெரும்பாலும் மூளையின் இடப்பாதிக்குத்தான் போய்ச் சேரும். இடையிடையே வழக்கத்துக்கு மாறான ஓர் ஒலி வரும். முதல் நாள் இரவு அந்த ஒலி வலது காதில் விழுந்தபோது ஆட்கள் கூடுதலாக விழித்தார்கள், சட்டென்றும் விழித்தார்கள். ஒலி கேட்டால் விரலைத் தட்டச் சொல்லியிருந்தார்கள். அதையும் வேகமாகவே செய்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள் அதே அறையில் படுத்தபோது இந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது. அறை பழகிவிட்டது, காவல் விலகிவிட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் அளந்தது தூக்கத்தின் முதல் ஆழ்நிலைச் சுற்றை மட்டுமே. விடியும்வரை இடப்பாதிதான் காவல் இருக்கிறதா, நடுவில் பக்கம் மாறுகிறதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

பாதி மூளையோடு தூங்குவது மற்ற உயிர்களுக்குப் புதிதல்ல. டால்பின் அப்படித்தான் தூங்குகிறது. காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவைத்து நீல்ஸ் ராட்டன்போர்க் என்பவரும் கூட்டாளிகளும் 1999-இல் ஒன்றைக் கண்டார்கள். ஓரத்தில் இருக்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறது. திறந்திருப்பது பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளியே பார்க்கும் கண். இருபுறமும் துணை உள்ள நடு வாத்துகள், கூடத்தில் பாய் விரித்து எல்லோருக்கும் நடுவில் படுத்த கடைக்குட்டியைப் போல, பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கின்றன. இடம் மட்டுமல்ல, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் மூளையின் கணக்கில் சேர்கிறது.

இதே ராட்டன்போர்க் பிறகு கலாபகஸ் தீவுகளுக்குப் போய், கூட்டில் குஞ்சை வைத்திருந்த பெண் கடற்கூழைக்கடாக்களின் தலையில் சிறு பதிவுக்கருவியைப் பொருத்தினார். அவை இரை தேடிப் போனால் பத்து நாள்வரைகூடத் தரையிறங்காமல் கடல்மேல் பறக்கும். பறந்துகொண்டே தூங்குகின்றன என்பது 2016-இல் உறுதியானது. ஆனால் அந்தத் தூக்கம் நாளொன்றுக்குச் சராசரி 41 நிமிடமே. கூடு திரும்பியதும் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கின. பிள்ளைக்கு இரை தேடி அலைந்த தாய், தூக்கத்தைக் கரைக்கு வரும்வரை தள்ளிவைத்திருக்கிறது!

நம் மூளைக்கு வீடு வந்துவிட்டோம் என்று எது சொல்கிறது? இருட்டில் தடவாமலே சுவிட்சில் போய் நிற்கும் கை, நமக்கு மட்டும் பழகிய மின்விசிறிச் சத்தம் என்று பல இருக்கலாம். நான் முதலில் மூக்கைச் சொல்வேன். பூட்டிய வீட்டைச் சில நாள் கழித்துத் திறந்தால் ஒரு வாசனை முகத்தில் வந்து படும். பீரோவின் அந்துருண்டை, சமையலறைப் பெருங்காயம், பழைய துணி எல்லாம் கலந்த வாசனை. அடுத்த சில நிமிடங்களில் அது தெரியாமல் போகும். மாறாத வாசனையை மூளை சீக்கிரமே புறக்கணித்துவிடும். அதனால்தான் நம் வீட்டு வாசனை நமக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்கு மட்டும் அது கொஞ்ச நேரம் கிடைக்கிறது.

வாசனையில் உறவும் இருக்கிறது. தாயின் மார்பில் வைத்த துணியையும் வேறொரு தாயின் துணியையும் இருபுறமும் காட்டினால், ஆறு நாள் குழந்தை தன் தாயின் துணிப்பக்கம் கூடுதல் நேரம் தலையைத் திருப்புகிறது. ஐடன் மெக்ஃபார்லேன் இதை 1975-இல் காட்டினார். நம் வீடுகளில் அம்மாவின் பழஞ்சேலையில் தூளி கட்டிப் போடுவதற்குச் சேலையின் மென்மை மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020-இல் வெளியானது. துணைவர் ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்த டீ-ஷர்ட்டைத் தலையணைக்கு உறையாக மாட்டிக் கொடுத்தார்கள். வேறு இரவுகளில், துணைவர் போடாத, பார்வைக்கு அதேபோன்ற சட்டை. எது எந்தச் சட்டை என்று சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த நேரத்தில் உண்மையாகத் தூங்கிய பங்கு, துணைவர் சட்டையுள்ள இரவுகளில் சராசரி 2 சதவீதத்துக்கு மேல் கூடியது. கேட்கச் சின்னதுதான். ஆனால் தூக்கத்துக்காகச் சாப்பிடும் மெலடோனின் மாத்திரை தரும் பலனும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். விடுதிக்குப் போகும் பிள்ளை அம்மாவின் பழைய சேலையைப் போர்வையாகக் கேட்டால், துவைக்காமலே கொடுத்தனுப்பலாம்.