தூண்டில் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறதா?

மே மாதத்தில் வட ஒன்டாரியோ ஏரிகளில் பனி உடைந்ததும் டொராண்டோவிலிருந்து வடக்கே வண்டிகள் கிளம்பிவிடும். கூரையில் படகு, பின்னால் கூடாரம், மனசெல்லாம் பைக் மீன். வழிகாட்டியும் விடுதியும் இல்லாமல் தாங்களே போய்வரும் துணிச்சல் நல்லதுதான். கூடவே உரிய காகிதங்களும் போக வேண்டுமே!

வருடா வருடம் நடக்கும் கூத்து இது. ஊரிலிருந்து சில வாரம் தங்கிப்போக வந்த அப்பாவையும் அழைத்துப் போகிறார்கள். “65 வயதானவருக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுக்கிறார்கள். அந்தச் சலுகை கனடாவில் குடியிருப்பவருக்கு மட்டுமே. விசிட்டர் விசாவில் வந்தவருக்கு எழுபது வயதானாலும் அவர் பெயரில் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும்.

முதலில் அவுட்டோர்ஸ் கார்டு. மாகாண அரசின் இணையதளத்திலோ, சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்திலோ, லைசென்ஸ் விற்கும் கடையிலோ வாங்கலாம். மூன்று காலண்டர் ஆண்டுகள் செல்லும். அதன் மேல் ஸ்போர்ட் அல்லது கன்சர்வேஷன் லைசென்ஸ். இரண்டாவதில் வைத்துக்கொள்ளக்கூடிய மீன் குறைவு. ஒருநாள் லைசென்ஸ் போதுமென்றால் கார்டே தேவையில்லை. லைசென்ஸை அச்சிட்டோ போனில் இறக்கியோ வைத்திருங்கள். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது.

அடுத்தது கூடாரம். பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே அரசு நிலத்தில் இரவு தங்க, 18 வயது நிறைந்த வெளிநாட்டவருக்குத் தனி பெர்மிட் வேண்டும். கனடாவாசிகளுக்கு இலவசம், ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கு 21 நாள்தான். அப்பாவுக்கு லைசென்ஸ் வாங்கியவர்களும் இந்தப் பெர்மிட்டை மறந்துவிடுகிறார்கள்.

மாகாணத்தில் மீன்வள மண்டலங்கள் 20. பைக் மீனின் எண்ணிக்கையும் நீள வரம்பும் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். தனி விதியுள்ள ஏரிகள் வேறு. இதை நாலு பக்கத்தில் தெளிவாகச் சொல்ல அரசுக்கு மனம் வரவில்லை. தடித்த விதிநூலைத்தான் புரட்டியாக வேண்டும். நான்கு நாள் தங்கினால் நான்கு நாள் மீனையும் கொண்டுவரலாம் என்பது தப்புக் கணக்கு. பொதுவாக ஒருநாள் வரம்புதான் மொத்தக் கையிருப்பு வரம்பும். வீட்டு பிரீசரில் கிடப்பதும் அதில் அடங்கும். துண்டு போட்ட மீனில் தோலை முழுதாக உரித்துவிடாதீர்கள். இன்ன மீன் என்று அதிகாரி பார்த்தே அறிய வேண்டும். நீள வரம்புள்ள மீனை அளக்க முடியாதபடி வெட்டினாலும் வம்புதான்.

இரை மீனும் அப்படியே. இதற்கு மீன்வள மண்டலங்கள் அல்ல, தனி இரை மண்டலங்கள். 2022 முதல் ஓர் இரை மண்டலத்து இரை மீனை, செத்ததானாலும், இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. போன இடத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை ஏரியில் கொட்டவே கூடாது.

பைக்கின் பல் நைலான் நரம்பை நொடியில் அறுக்கும். கம்பி லீடர் கட்டுங்கள். தூண்டில் முள்ளை எடுக்க விரலை நுழைக்காமல் நீள மூக்குக் குறடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பைக்கில் பாதரசம் கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ஏரிவாரியாக அரசு வெளியிடுகிறது.

மே மாதத் தண்ணீர் உயிரைக் குடிக்கும். விழுந்த சில நிமிடங்களில் கை கால் விறைத்து, நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைத்தால் போதாது, உடம்பில் மாட்டுங்கள். சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எந்த ஏரி, எந்த வழி, எந்த நாள் திரும்புவது என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.