எடைக்குப் போக இருந்த இசைப்பெட்டி

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகப் பரணில் கிடந்த பொருள்களையெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று, முகப்பில் வெள்ளி நிறத் தகடும் பக்கங்களில் மரப்பலகையும் உடைய பெரிய பெட்டி. நண்பரின் பெரியப்பா 1978-ஆம் ஆண்டில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர் அது. வாசலில் நின்ற காயலான் கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கனம் சார், எடை போட்டு எடுத்துக்கிறேன்" என்றார்.

அந்தக் கனம் எதனால் வந்தது என்று அவர் கேட்கவில்லை; வீட்டாரும் கேட்கவில்லை. உலகின் பல நாடுகளில் இசை அன்பர்கள் இத்தகைய பழம் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கிப் பாதுகாக்கின்றனர். பழமையின் மீதுள்ள மயக்கம் மட்டுமா இதற்குக் காரணம்? அன்று. கனத்திற்கும் காதலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தொழில், ஒரு பெட்டி

ரிசீவர் என்பது மூன்று கருவிகளின் கூட்டு. முதலாவது, வானொலி அலைகளுள் நாம் விரும்பும் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் டியூனர். இரண்டாவது, இசைத்தட்டின் ஊசி தரும் மிக மெல்லிய மின் குறியைத் திருத்தி வளர்க்கும் முன்பெருக்கி. மூன்றாவது, அக்குறிக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலிமையைக் கொடுக்கும் ஆற்றல் பெருக்கி. இம்மூன்றையும் தனித்தனியே வாங்கிக் கம்பியால் இணைப்பது பெருஞ்செலவு, தொல்லையும் கூட. ஒரே பெட்டியில் அமைந்தபோது நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைக்கும் உயர்ந்த இசை எட்டிற்று.

ஸ்டீரியோ என்பது இடச் செவிக்கும் வலச் செவிக்கும் தனித்தனி ஒலி வழங்குவது. இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் 1931-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆயினும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1958-இல்தான். வானொலிக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இரு ஒலிகளை ஒரே அலையில் அனுப்ப வேண்டும். ஒற்றை ஒலி மட்டுமே கேட்கும் பழைய வானொலிப் பெட்டிகளும் பயனற்றுப் போகக் கூடாது.

இதற்குக் கண்ட வழி நம் பள்ளிக் கணக்கைப் போல எளியது. இட ஒலியையும் வல ஒலியையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையை வழக்கம் போல் அனுப்பினர். பழைய பெட்டி அதைக் கேட்டு நிறைவடையும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை 38 கிலோஹெர்ட்ஸ் என்னும் செவிக்கெட்டாத துணை அலையில் ஏற்றினர். வழிகாட்டியாக 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய தொனியையும் சேர்த்தனர். ஸ்டீரியோ ரிசீவர் அத்தொனியைக் கண்டதும் முகப்பில் ஒரு சிறு விளக்கை ஏற்றும்; பிறகு கூட்டுத்தொகையோடு வேறுபாட்டைக் கூட்டினால் இட ஒலி, கழித்தால் வல ஒலி! அமெரிக்காவில் இம்முறை 1961-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீரியோ ரிசீவரின் பொற்காலம் அன்று தொடங்கியது எனலாம். நம் நாட்டிலோ, பண்பலை ஒலிபரப்பு 1977-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில்தான் முதலில் தொடங்கிற்று.

அமெரிக்கா வளர்த்தது, ஜப்பான் பெருக்கியது

1960-களில் அமெரிக்க வீடுகளில் புகழ் பெற்றிருந்தவற்றுள் ஒன்று ஃபிஷர் 500-சி. டிரான்சிஸ்டருக்கு முற்பட்ட வால்வுப் பெட்டி அது; 7591 என்ற எண்ணுடைய நான்கு வால்வுகள் அதன் ஸ்பீக்கர்களை இயக்கும். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஏவரி ஃபிஷர் தாமே வயலின் வாசிக்கும் ஆர்வம் உடையவர். 1969-இல் நிறுவனத்தை விற்றபின், 1973-இல் நியூயார்க் நகரின் இசை மண்டபம் ஒன்றிற்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் வழங்கினார். 2015 வரை அம்மண்டபம் அவர் பெயரையே தாங்கி நின்றது. இசையால் ஈட்டிய பொருள் இசைக்கே திரும்பிற்று!

1970-களில் களம் ஜப்பானுக்கு மாறியது. அமெரிக்கரான சால் மாரன்ட்ஸ் தோற்றுவித்த நிறுவனத்தை 1964-இல் வேறொரு நிறுவனம் வாங்கிற்று. பின்னர் அதன் ரிசீவர்கள் ஜப்பானில் உருவாயின. 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்ற மாற்று விகிதம் நிலைத்திருந்ததால் ஜப்பானியப் பொருள்கள் அமெரிக்கர்க்கு மலிவாய்க் கிடைத்தன. வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர் பலர் படைத்துறைக் கடைகளில் இவற்றை வாங்கி ஊருக்குக் கொண்டு சென்றனர்.

அன்பர்கள் இன்றும் விரும்பும் பெட்டிகள் சிலவற்றைக் காண்போம்.

மாரன்ட்ஸ் 2270: இருளில் நீல ஒளி வீசும் அலைமுகமும், விரலால் உருட்டும் கிடைச் சக்கரமும் இதன் அடையாளங்கள். எண்ணிலேயே ஆற்றலும் அடங்கியிருக்கிறது: 2270 என்றால் பக்கத்திற்கு 70 வாட், 2245 என்றால் 45, 2230 என்றால் 30.

பயனியர் எஸ்.எக்ஸ். வரிசை: 1976-இல் வந்த எஸ்.எக்ஸ்.-1250 பக்கத்திற்கு 160 வாட் தந்தது. 1978-இல் வந்த எஸ்.எக்ஸ்.-1980, 270 வாட் தந்தது. அதன் எடை ஏறக்குறைய 35 கிலோ.

சான்சுயி: ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு மலையும் நீரும் என்று பொருள். மின்மாற்றி செய்யும் தொழிலோடு தொடங்கிய நிறுவனம் இது. ரிசீவரின் உயிர்நிலை மின்மாற்றியே ஆதலின், இவர்கள் இத்துறையில் சிறந்தது வியப்பன்று.

யமஹா சி.ஆர். வரிசை: விடுதி மாணவர்க்கு மிகவும் உகந்த நுட்பம் ஒன்று இதில் உண்டு. ஒலியைக் குறைத்தால் நம் செவிக்குத் தாழ்ந்த சுருதிகள் முதலில் மங்கிவிடும். மிருதங்கத்தின் இடந்தலை மறைந்து போகும். அக்குறையைச் செவியின் இயல்புக்கேற்பப் படிப்படியாக ஈடுசெய்யும் குமிழ் ஒன்றை யமஹா அமைத்தது. அடுத்த அறை நண்பரின் தூக்கம் கெடாமல் முழு இசையையும் கேட்கலாம்.

வாட் கணக்கும் வாய்மையும்

கனத்தின் இரகசியம் இங்குதான் இருக்கிறது. பெருக்கி தானாக ஆற்றலைப் படைப்பதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மின்மாற்றி வாங்குகிறது. பெரிய மின்தேக்கிகள் அதைச் சேர்த்து வைக்கின்றன. டிரான்சிஸ்டர்கள் இசையின் வடிவத்திற்கேற்ப அதைத் திறந்து விடுகின்றன. ஏரி சிறிதானால் மதகு எவ்வளவு பெரிதாயினும் என்ன பயன்? வயல் நடுவிலேயே வறண்டுவிடும். இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் நிறைந்த மின்மாற்றி, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகள் ஆகிய இவையே அந்த எடையின் பெரும் பகுதி.

1974-க்கு முன் விற்பனையாளர் பலர் கண்ணிமைக்கும் பொழுதில் எழும் உச்ச ஆற்றலை எடுத்துக்காட்டி, சிறு பெட்டிகளையும் பெரும் பெட்டிகளாக விளம்பரம் செய்தனர். வாங்குவோர் ஏமாந்தனர். அமெரிக்காவின் கூட்டரசு வாணிக ஆணையம் 1974-இல் விதி ஒன்று வகுத்தது. பெட்டியை மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பின்னர் இரு பக்கமும் ஒருசேர இடையறாது தரக்கூடிய ஆற்றலையே விளம்பரத்தில் கூற வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய பெருக்கிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் பணியாற்றும்போதுதான் வெப்பம் உச்சத்தை நெருங்கும். ஆகவே மெலிந்த பெட்டிகளுக்கு அது அக்கினிப் பரீட்சையாயிற்று. தேறியவை கனத்தன. உண்மை பேச வேண்டுமென்று சட்டம் வந்ததும், உண்மையாகவே வலிமை வாய்ந்த பெட்டிகளைச் செய்யும் போட்டி எழுந்தது. எஸ்.எக்ஸ்.-1980 போன்றவை அப்போட்டியில் பிறந்தவையே.

அப்படியானால் 270 வாட் நமக்குத் தேவையா? தேவையில்லை. நம் செவி பெருக்கல் கணக்கில் கேட்கிறது. ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். பத்து மடங்காக்கினால்தான் ஏறக்குறைய இரு மடங்கு உரத்துக் கேட்கும். ஆகவே 30 வாட் பெட்டியை விட 270 வாட் பெட்டி ஒன்பது மடங்கு உரத்து ஒலிக்கும் என்று எண்ணுவது பிழை. இரு மடங்கிற்கும் சற்றுக் குறைவே. ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் அளவு ஒலிக்கும். அறையில் அமர்ந்து அளவாகக் கேட்பவர்க்கு ஒரு வாட்டுக்கும் குறைவு போதும். தவில் திடீரென முழங்கும் வேளைக்கு 20, 30 வாட் கையிருப்பு இருந்தால் நிறைவு. பெரிய எண்ணுக்குப் பெரும் பணம் கொடுக்கும் நண்பர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் ஒளியாமல் கூறிவிடுதல் நன்று. இரைச்சல், திரிபு ஆகியவற்றை அளந்து பார்த்தால், இன்றைய நல்ல பெருக்கி அன்றைய பெட்டியை எளிதில் வென்றுவிடும். "பழைய பெட்டியில்தான் இனிமை" என்பதில் நீல ஒளிக்கும், கனத்துச் சுழலும் குமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. கண்ணும் கையும் செவியோடு கூடிக் கேட்கின்றன. அது குற்றமன்று; ஆயினும் அதை அளவையால் மெய்ப்பித்த உண்மை போலப் பேசலாகாது.

முதுமையும் மருத்துவமும்

பின் எதற்காக இவற்றைப் போற்றுகிறோம்? இவை திறக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. சில திருகாணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பழுது பார்ப்போருக்கென்று நிறுவனங்களே மின்சுற்று வரைபடத்தோடு கையேடு வெளியிட்டன. ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்; பெட்டியை எறிய வேண்டியதில்லை. 1980-களில் பல உறுப்புகளை ஒரே சில்லில் அடக்கும் முறை பெருகியது. விலை குறைந்தது; எடை குறைந்தது; பழுது பார்க்கும் வழியும் குறுகியது.

முதுமைக்குரிய நோய்கள் இவற்றிற்கும் உண்டு. மின்பகு திரவம் அடங்கிய மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்துவிடும். குமிழ்களில் அழுக்குப் படிந்து திருப்பும்போது கரகரக்கும். அலைமுக விளக்குகள் அணையும். முள்ளை இழுக்கும் நூல் அறும். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவையே.

வாங்க விரும்புவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் ஜப்பானிய உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் உரியது. நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் அன்றோடு முடிந்தது. இரண்டாவது, ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்று அந்நாளில் செய்தவை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே பண்பலை வாங்கும். நம் நிலையங்களுள் பெரும்பாலானவை அதற்கு அப்பால் உள்ளன. மூன்றாவது, நெடுநாள் உறங்கிய பெட்டிக்குத் திடீரென்று மின்சாரம் கொடுக்கலாகாது. பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் மாட்டி முதலில் சோதிக்க வேண்டும். உள்ளே பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து நின்று எச்சரிக்கும், பெட்டி தப்பும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும், வால்வுப் பெட்டியில் அது பல நூறு வோல்ட், உயிருக்கே இறுதி. அறியாதவர் உள்ளே கை வைத்தல் கூடாது.

இம்மூன்றாவது பாடத்தை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். காயலான் கடைக்காரரை அனுப்பிவிட்டு, நண்பர் ஆவலோடு பெட்டியை நேரே மின்சாரத்தில் மாட்டினார். 'டப்' என்று ஓர் ஓசை, மெல்லிய புகை, பின்னர் அமைதி. பெரியப்பா வாய் திறவாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய பத்தாண்டுப் பாலைவன உழைப்பில் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

கடைத்தெருவில் வானொலி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். மூடியைக் கழற்றி, உள்ளே நெடுநேரம் பார்த்தார். "இதைச் செய்தவன் இன்னொருவன் ரிப்பேர் பார்ப்பான்னு நினைச்சுச் செய்திருக்கான்" என்றார். இரண்டு நாளில் வெடித்த மின்தேக்கியையும், உலர்ந்திருந்த மற்றவற்றையும் மாற்றிக் குமிழ்களைத் துடைத்துக் கொடுத்தார். அவர் கேட்ட கூலி எங்கள் விடுதியின் ஒரு வாரச் சாப்பாட்டுக் கட்டணம் கூட இல்லை.

அன்று மாலை பெரியப்பாவே குமிழைத் திருப்பினார். முகப்பு ஒளிர்ந்தது, முள் மெல்ல நகர்ந்தது, சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. நாகசுரம் கூடத்தை நிறைத்தது.

நண்பர்களே! நாளை நம்முள் பலர் பொறியாளராகப் போகிறோம்; கருவிகள் செய்யப் போகிறோம். நாம் செய்யும் பொருள் நம் காலத்திற்குப் பின் பழுதுபடும், அது உறுதி. அன்று அதைத் திறப்பவன் நம்மை வாழ்த்துவானா, வைவானா என்பது நம் கையில் இருக்கிறது. முகமறியாத அந்த மனிதனை எண்ணிச் செய்த பொருளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.