வீட்டு மாவா, பாக்கெட் மாவா?

மார்கழி மாதம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு. திருப்பத்தூர் பக்கத்தில் இருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மாமியார், விடியற்காலையில் எழுந்து மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். இரவு வைத்த மட்டத்திலேயே மாவு கிடந்தது. ஒரு குமிழி கூட இல்லை.

"ஏம்மா, உளுந்து குறைச்சலா போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை, அளவு சரிதான். இது பெங்களூர். மாவு எழும்ப இன்னும் மூணு மணி நேரம் ஆகும்" என்றாள் மருமகள்.

அவள் எட்டு மணிக்குள் பஸ் பிடித்து ஆயத்த ஆடை ஆலைக்குப் போக வேண்டியவள். அதற்கு முன் கணவனுக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் டிபன் கட்ட வேண்டும். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருமுனைக் கடையில் இருந்து ஒரு பாக்கெட் மாவு வந்தது. இட்லி வெந்தது. மாமியார் மட்டும் சாப்பிடவில்லை. "எனக்குப் பழைய சோறு போதும்" என்று சொல்லி விட்டார்.

சண்டை என்று சொல்லாவிட்டாலும், இந்த மனத்தாங்கல் பல வீடுகளில் உண்டு. மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருமகள் சொல்வதிலும் இருக்கிறது.

குளிர் செய்யும் வேலை

பெங்களூர், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரி மாத இரவுகளில் சென்னையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இங்கே 15, 16 டிகிரிக்கு இறங்கி விடும்.

மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை பெரும்பாலும் உளுந்தோடு சேர்ந்தே வருகின்றன. அவை விடும் கரியமில வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது. 30 டிகிரி வெப்பம் இருந்தால் எட்டு, பத்து மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழியும். குளிர் கூடினால் அதே மாவு பதினான்கு மணி நேரம் கூடப் படுத்துக் கிடக்கும்.

சிலருக்குக் கை ராசி உண்டு, அவர்கள் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று ஊரில் சொல்வார்கள். கையால் கரைத்தால் உப்பும் மாவும் நன்றாகக் கலக்கும், கைச் சூடும் கொஞ்சம் சேரும் என்பது வரையில் சரி. மார்கழிக் குளிரில் எந்த ராசியான கையும் பலிப்பதில்லை!

ஆகவே இங்குள்ள தாய்மார்கள் பல உபாயங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுகிறார்கள். அரிசி டிரம்முக்குள் இறக்கி வைக்கிறார்கள். சமையல் முடிந்த அடுப்பை ஒட்டி வைக்கிறார்கள். வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் வைப்பவர்களும் உண்டு. உப்பு அதிகமானால் மாவு எழும்பத் தாமதமாகும் என்பதால், காலையில் உப்புப் போடுவோரும் இருக்கிறார்கள். எல்லாம் பலிக்கும். ஆனால் இவ்வளவையும் இரவு பத்து மணிக்கு மேல் செய்ய ஒருவருக்குத் தெம்பு வேண்டும்.

மாவு கடைக்கு வந்த கதை

வீட்டு வேலையைக் கடைக்குக் கொண்டு போன பெருமையில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. லால்பாக் அருகே உள்ள எம்.டி.ஆர். ஓட்டலை எல்லோரும் அறிவார்கள். 1924-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குப் பஞ்சம் வந்தபோது, ரவையில் இட்லி செய்து பார்த்தவர்கள் அவர்கள். ரவா இட்லி அங்கே பிறந்ததுதான். பிறகு 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. ஓட்டல் பண்டங்களின் விலைக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அந்த விலையில் கட்டுப்படியாகாமல் ஓட்டலை மூடி வைத்து, மாவுக் கலவைகளைப் பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஓட்டல் பின்னர் திறந்து கொண்டது. பொட்டல வியாபாரம் தனியாக வளர்ந்து, 2007-ல் நார்வே நாட்டுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது.

அது உலர்ந்த மாவு. அரைத்த ஈர மாவின் கதை வேறு. சாதாரண பிளாஸ்டிக் பையில் மாவை ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி விற்பது பெங்களூர்க் கடைகளில் முன்பே உண்டு. அதைக் கவனித்த வயநாட்டு இளைஞர்கள் சிலர், இதையே சுத்தமாகச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 2005-ல் சிறிய சமையற்கூடம் ஒன்றில் ஐ.டி. பிரெஷ் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான பி.சி.முஸ்தபா கூலித் தொழிலாளியின் மகன், ஆறாம் வகுப்பில் தோற்றவர், பின்னர் பொறியியல் படித்துத் தேறியவர். இன்று அந்த மாவு பல நகரங்களில் மட்டுமின்றி துபாயிலும் விற்கிறது. அதைப் பார்த்து வந்த கம்பெனிகளும் ஏராளம்.

கணக்கும் ருசியும்

காசுக் கணக்கில் வீட்டு மாவுக்கே வெற்றி. ஒரு கிலோ புழுங்கல் அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். தண்ணீர் சேர்த்து அரைத்தால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கும். அதே எடைக்குப் பாக்கெட் வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். பாக்கெட் விலையில் 2017 முதல் சரக்கு சேவை வரியும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஆட்டிய மாவுக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை.

ருசியிலும் வித்தியாசம் இருக்கிறது. கன்னடத்துக்காரர்கள் பலர் உளுந்து மாவில் அரிசி ரவையைக் கலப்பார்கள். இட்லி சற்றுக் கொரகொரப்பாக இருக்கும். தமிழ் வீட்டு இட்லிக்குப் புழுங்கல் அரிசியைக் கல்லில் நைசாக ஆட்ட வேண்டும். பாக்கெட்டோ எல்லோருக்கும் பொதுவாகத் தயாராவது. யாருக்கும் பிடிக்காமல் போகாது, யாருடைய வீட்டு இட்லியாகவும் இருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு மாவு என்று சொல்லி மிக்சியில் அரைப்பதை விட நல்ல பாக்கெட் மாவே மேல். மிக்சியின் வேகத்தில் மாவு சூடாகிறது, உளுந்து பொங்கி வராது. கல் மெதுவாகச் சுற்றும்போதுதான் உளுந்துக்குள் காற்று ஏறும். ஆட்டிய உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அதுதான் பதம்.

பாக்கெட் வாங்குவோர் தேதியைப் பார்ப்பதோடு, கடைக்காரர் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். பாக்கெட்டுக்குள்ளும் மாவு புளித்துக் கொண்டேதான் இருக்கும். பந்து போல உப்பியிருந்தால் இட்லிக்கு ஆகாது, தோசைக்குத்தான் சரி.

நடுவில் நிற்பவர்

ஆட்டுக்கல்லை ஓய்வு கொள்ள வைத்தது கோவை கிரைண்டர். அங்கு 1950-களில் பி.சபாபதி என்பவர் முயற்சியில் உருவானது. அதை வாங்க வசதியில்லாத காலத்தில், தெருவுக்கு ஒரு வீட்டில் கிரைண்டர் இருக்கும். மற்றவர்கள் ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்பார்கள்.

ஒகலிபுரம் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், அப்படி அரைத்துக் கொடுத்துப் பிழைத்தவர் ஓர் அம்மாள். கணவர் காலமான பின் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தக் கிரைண்டர்தான். பாக்கெட் மாவு வந்த பிறகு வரிசை குறைந்தது. ஒரு கட்டத்தில் கிரைண்டரை விற்று விடலாம் என்று கூட நினைத்தாராம்.

"அரிசி கொண்டு வந்தாத்தானே கூலி? நானே அரிசி போட்டு அரைச்சு வித்தா என்னன்னு தோணுச்சு" என்கிறார்.

இப்போது மதியம் அரைக்கிறார். வெயிலில் காய்ந்த சுவர் ஓரமாக டிரம்மை வைக்கிறார். மாலை ஆறு மணிக்கு ஆலை விட்டு வரும் பெண்கள் அவர் வாசலில் நிற்கிறார்கள். ஸ்ரீராமபுரத்து மருமகளும் இப்போது அவர்களில் ஒருத்தி. விலை, கம்பெனி பாக்கெட்டை விடக் குறைவு. ஊரில் இருந்து மறுபடி வந்த மாமியார் தாமே துணைக்கு நடந்து போய், டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, விரலில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

"வெந்தயம் ஒரு பிடி கூடிப் போச்சு" என்றாராம். மறுநாள் காலை ஆறு இட்லி சாப்பிட்டார்.

ஏழு மணிக்கு மேல் போனால் மாவு கிடைக்காது. சொந்தப் பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார்.